இரண்டு தொண்ணூற்று நான்கு

மூன்று தள்ளினால் மூன்று முப்பத்தாறு என்கிறது. மைனாவதி தண்டை மறுபடியும் பின்னுக்கு இழுத்தாள், சிலிண்டர் வயிறு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டது, ஒரே சீராக முன்னுக்குத் தள்ளினாள், ஹூ என்று மனுசர் விடுகிற மாதிரியே ஒரு மூச்சு, முனையில் மாட்டியிருந்த கையகல மெசினுக்குள் போய்த் தீர்ந்தது. திரையில் கோடு ஏறி வளைந்து சாய்ந்து நின்றது. மூன்று முப்பத்தாறு. அந்தச் சிலிண்டரில் மூன்று லிட்டர் காற்றுதான் பிடிக்கும், அதற்குமேல் ஒரு கரண்டிகூடப் பிடிக்காது, அப்படிக் கடைந்து செய்தது, பார்த்தால் மாட்டு டாக்டர் ஊசிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பல்லடத்தைச் சுற்றியுள்ள பஞ்சு மில்களுக்குப் போய் ஆட்களை ஊதச்சொல்லி, நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்கிற இந்தக் குட்டி மெசின்கள் ஒழுங்காகச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் சிலிண்டரின் பிழைப்பு, அவளுடைய பிழைப்பும் அதுதான். அப்படியென்றால் இந்த முப்பத்தாறு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஃபேன் ஓடுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். நிறுத்தித்தான் இருந்தது. சோதனை நடக்கும்போது இந்த மாடி அறையில் ஃபேன் ஓடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, காற்று தானாக அசைந்தால் கணக்குக் கெட்டுப்போகும். மூன்று இறக்கையும் அசையாமல் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தன. அறையில் அவளைத் தவிர மூச்சுவிட யாரும் இல்லை, முதலாளி சபாபதி சார் கொரியர் ஆபீசுக்குப் போயிருக்கிறார், மெசின்களை மில்களுக்கு ஏற்றிப்போகிற பதினொரு மணி வண்டிக்குள் வந்துவிடுவார், ஆனாலும் தண்டை இழுத்துப் பிடித்திருக்கும்போதெல்லாம் எதிரில் யாரோ ஊதுவதற்காக நெஞ்சை நிறைத்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருந்தது. என்னடா இது காலங்காத்தால, என்று தன்னையே வைதுகொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, இருமல் அறை முழுக்கச் சுற்றிவந்து அடங்கியது.

சிலிண்டருக்கு ஏதாவது ஆகியிருக்கும். ஏழு வாரமாக ஊரில் இல்லாத சிலிண்டர், அதையே சோதிக்கிற இடத்துக்குப் போய் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு நேற்றுத்தான் தெர்மாகோல் பெட்டியில் வந்து இறங்கியது, லாரிக்காரன் எங்கே தூக்கி எறிந்தானோ. அது போன அன்றைக்கு சார் கையைப் பிசைந்தது ஞாபகம் வந்தது. மெசின்கள் சோதனைக்கு வரும், மில்காரர்கள் தேதி வைத்துவிட்டார்கள், சிலிண்டர் இல்லாமல் எதை வைத்துப் பார்ப்பது. அப்புறம் அவரே சுவரைப் பார்த்தார், சுவரில் அவள் ஒட்டியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை ஊதவைத்து எடுத்த கோடு அது, கீழே இரண்டு தொண்ணூற்று நான்கு என்று போட்டு அவள் பெயரை எழுதியிருக்கும். தினமும் காலையில் முதல் வேலையாக மெசினில் ஊதுவாள், ஒருநாள் இரண்டு தொண்ணூற்று ஒன்று வரும், ஒருநாள் தொண்ணூற்றாறு வரும், பெரிதாக மாறினால் மெசினுக்குத்தான் கோளாறு என்று அர்த்தம், நல்ல நெஞ்சு அப்படி மாறாது. அதனால் சார் சொன்னார், "அம்மிணி, சிலிண்டர் வர்ற வரைக்கும் உம்மூச்சுதான் சிலிண்டர். சளிகிளி புடிச்சுக்காத, கம்பெனி படுத்துக்கும்." அன்றைக்கு வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், தாலுகாவுக்கே நாந்தான் அளவுபடி என்றாள், புருசன் சென்னியப்பன் அவளை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுக் காட்டினான், நாலு வயசு மிருதுளாவும் கூடச் சேர்ந்து கும்பிட்டாள். அதிலிருந்து ஒரே நடைமுறைதான். மெசின் வரும். மூன்று தடவை ஊதுவாள். இரண்டு தொண்ணூற்று நான்கு சொன்னால் பாஸ். குறைத்துச் சொன்னால் மெசின் குறைக்கிறது என்று அர்த்தம், உள்ளே திருத்த எண் என்று ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் கூட்டி மறுபடி ஊதி, இரண்டு தொண்ணூற்று நான்கு சொல்லும்வரை கூட்டி, அப்புறம் துடைத்துப் பையில் போட்டு அனுப்பிவிடுவாள். அப்படி இருபத்துமூன்று மெசின். இந்த மாதம் எல்லாமே குறைக்குதுங்க சார், மழைக் காத்துங்களா, என்றுகூட ஒருநாள் கேட்டாள். ஈரமா இருக்கும், கூட்டி உடு, என்றார் அவர்.

சந்தேகம் என்று வந்தால் புதுப் படியை எடுத்து அளந்து பார்க்க வேண்டியதுதான். அலமாரியில் உடைக்காத பெட்டியில் புது மெசின் ஒன்று இருந்தது, இன்னும் யார் வாயும் படாதது, அவள் கையும் அதன் திருத்த எண்ணில் படாதது. பிரித்து, மாட்டி, இழுத்து, தள்ளினாள். மூன்று. மறுபடி தள்ளினாள். மூன்று பூஜ்யம் ஒன்று. சிலிண்டர் தங்கம்போல இருக்கிறது. மேசைமேல் கேம்ப் முடிந்து திரும்பி வந்த மெசின்கள் பதினொன்று கிடந்தன, மீதிப் பன்னிரண்டு வெளியே எந்த எந்த மில்லிலோ. பதினொன்றையும் ஒவ்வொன்றாக மாட்டித் தள்ளினாள், கடலை உரிக்கிற மாதிரி யோசிக்காமல் தள்ளினாள், யோசித்தால் ஏதோ ஒன்று கதவைத் தட்டும் என்று தெரிந்தது. மூன்று பதினொன்று, மூன்று முப்பது, மூன்று பூஜ்யம் மூன்று, மூன்று இருபத்திரண்டு. ஒரு ஒழுங்கும் இல்லையே என்று பார்த்தவள், பழக்கதோஷம், ரேசன்கார்டானாலும் சரி வளையலானாலும் சரி வரிசையில் அடுக்காமல் அவளால் இருக்க முடியாது, ரிஜிஸ்டரைப் பார்த்து எந்தெந்தத் தேதியில் எதை ஊதிப் பாஸ் செய்தாளோ அந்த வரிசையில் மெசின்களை மேசையில் வைத்தாள். முதல் வாரத்து மெசின் மூன்று பூஜ்யம் மூன்று. இரண்டாம் வாரத்தது மூன்று பூஜ்யம் எட்டு. அப்புறம் பதினொன்று, பதினாறு, இருபத்திரண்டு, முப்பது. கடைசியாகப் போன வாரத்தது முப்பத்தாறு. படிக்கட்டு. யாரோ ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார்கள். இல்லை, யாரோ ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறார்கள், மெசின் ஏறித் தோள்கொடுத்திருக்கிறது.

ரிஜிஸ்டரில் அவள் வரிசையைப் பார்த்தாள். இரண்டு தொண்ணூற்று நான்கு. இரண்டு தொண்ணூற்று நான்கு. இரண்டு தொண்ணூற்று நான்கு. ஏழு வாரம், தன் கையெழுத்தில், கட்டம் கட்டமாக, பக்கத்தைப் புரட்டினாலும் அதுவே. அதற்கு முன்பக்கங்களில் எண்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன, தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்றாறு, தீபாவளிக்கு மறுநாள் எண்பத்தொன்பது, தின்ற முறுக்குக்குத் தக்கபடி. ஏழு வாரமாக மட்டும் அது அசையவில்லை. உசிரோடு இருக்கிறவர் மூச்சு இப்படி இருக்காது, அசையாத மூச்சை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி மூன்றாம் மாசம், மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், அவரும் சென்னியப்பன் இப்போது வேலைசெய்கிற அதே மில்லில் இருபது வருசம் பஞ்சு அடித்தவர்தான், மூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் பிடிபடவில்லை, பங்காளி வீட்டுப் பெரியவர் ஒரு திரி பஞ்சைப் பிய்த்து மூக்குக்கு நேராகப் பிடித்தார். பஞ்சு அசைந்தது. இருக்குது, இருக்குது, என்று கூடமே எழுந்து நின்றது, காரைக் கூப்பிடு என்று ஒருத்தர் ஓடினார், அத்தை அழுகையை நிறுத்திவிட்டுப் புருசனின் வேட்டியைச் சரிசெய்தாள். புதுப்பெண்ணாகச் சுவரோரம் நின்றிருந்த மைனாவதி மட்டும் மாமனார் தலைக்குமேல் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள், பஞ்சு ஆடும்போது அதன் தாளும் ஆடியது, பஞ்சு நிற்கும்போது அதுவும் நின்றது, கூட்டத்துக்கு வேர்க்கிறதென்று ஃபேன் போட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமல் கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டியது. இறக்கை மெதுவாகி, மெதுவாகி, நின்றது. பஞ்சும் நின்றது. பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார், அப்புறம் அதே பஞ்சை உருட்டி மூக்கில் வைத்தார். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருசம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, அத்தை தலையைத் தூக்காமல் சொன்னாள், "நீ நிறுத்தாம இருந்திருந்தீன்னா இன்னுங் கொஞ்ச நேரம் இருந்திருப்பாரு." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது.

பஞ்சு. கதவைத் தட்டிக்கொண்டிருந்தது அதுதான். நாத்தி கல்பனாவுக்குத் தையில் கல்யாணம், சீருக்கு மெத்தை இரண்டு, தலையணை எட்டு, இலவம்பஞ்சுக்கு எங்கே போவது, மில்லில் கழித்துப்போடுகிற பஞ்சு இருக்கிறதே என்று சென்னியப்பன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான், அவள்தான் துணிந்து, இதென்ன பெரிய வேலை, நான் அடிச்சுத் திணிக்கிறேன் என்று முந்தானையைச் செருகினாள். ஏழு வாரமாகச் சாயங்காலம் வேலைவிட்டுப் போனதும் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு, சின்ன அறையில் கதவைச் சாத்தி, பஞ்சு பறக்கக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, குச்சியால் அடித்தாள். இங்கேயும் ஃபேன் இல்லை, அங்கேயும் ஃபேன் இல்லை, நாள் முழுக்க நின்ற காற்றில்தான் இருந்திருக்கிறோம். விளக்கு வெளிச்சத்தில் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் தொங்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும், அதற்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டே அடிப்பாள். பாட்டு எப்போது நின்றது. அதைத்தான் யோசித்தாள். ஒருநாள் பாட்டின் இரண்டாவது அடிக்கு மூச்சு எட்டவில்லை, வயசாச்சு போலிருக்கு என்று சிரித்துவிட்டு வெறுமனே அடித்தாள். இந்த மாடிப்படி இருபத்திரண்டு, நடுவில் திரும்புகிற இடத்தில் இப்போதெல்லாம் நின்று போனை எடுத்து மணி பார்க்கிறாள். மணி பார்ப்பதற்காக நிற்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, மெசின் உண்மையைச் சொல்ல, நீ குறைக்கிறாய் என்று அவள் அதன் காதைத் திருகித் திருகி இரண்டு தொண்ணூற்று நான்கு சொல்லவைத்திருக்கிறாள். அப்படியானால் ஏழு வாரமாக ஊதியது யார். சுவரில் இருந்தவள் அவளைப் பார்த்தாள். முதல்நாள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து, வெட்கப்பட்டு, நெஞ்சை நிறைத்து ஒரே ஊதாக ஊதிய மைனாவதி, அவள் குறையவே இல்லை, அவள் இருபத்துமூன்று மெசினுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டு மில் மில்லாகப் போயிருக்கிறாள், யார் வந்து ஊதினாலும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் ஊதியிருக்கிறாள், காற்றில்லாதவர்களுக்கெல்லாம் தன் காற்றில் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள். தானம் செய்கிற மாதிரி. சிரித்த முகமாக.

பதினேழாம் நம்பர் மெசினில் மறுபடி கை வைக்காமல் அதைச் சுற்றியே வந்துகொண்டிருந்தாள். படிக்கட்டில் அதன் எண் மூன்று முப்பது. பத்து நாளைக்கு முன்னால் சென்னியப்பன் மில்லுக்குப் போனது அது. அவன் போன வருசத்திலிருந்து இருமுகிறான், பொதியைப் பிரித்துப் பஞ்சை அடிக்கிற புளோ ரூமில் வேலை, வயசுக்கு இருக்கவேண்டிய காற்றில் எண்பது சதத்துக்குக் கீழே வந்தால் திரையில் மஞ்சள் விழும், மஞ்சள்காரரை அந்த அறையிலிருந்து எடுத்து வேறு பக்கம் போடவேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், அது சட்டம். கேம்ப் அன்றைக்கு அவளுக்கு இங்கே வேலையே ஓடவில்லை. சாயங்காலம் அவன் பச்சை அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான், எண்பத்துநான்கு, வழியில் நாட்டுக்கோழி பிடித்துக்கொண்டு வந்தான். மாத்திரை மருந்தெல்லாம் எதற்கு, வெறும் சளிதான் என்றான், இருமும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருமினான். "உம்மெசின் பொய் சொல்லாதல்ல," என்று கேட்டான். எதுக்குங்க சொல்லுது, நான் ஊதிப் பாத்து அனுப்புனது, என்றாள் அவள், ஈரலை எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே. மெசினை எடுத்தாள். உள்ளே அன்றைக்கு ஊதியவர்கள் நாற்பத்தொரு பேரும் அப்படியே இருந்தார்கள், பேர் கிடையாது, அட்டை நம்பர்தான், முப்பத்தொன்று அவன். தொட்டதும் அவன் மூச்சு கோடாக வந்து நின்றது. ஏறுகிற இடத்தில் அவசரம், நடுவில் ஒரு சின்ன வெட்டு, இருமலை அடக்கியிருக்கிறான், அவளுக்குத் தெரியாதா, பக்கத்தில் படுத்துக் கேட்கிற வெட்டுத்தானே. மூன்று இருபது. எண்பத்துநான்கு. பச்சை. கூட்டிவைத்த திருத்த எண்ணைப் பழையபடி ஒன்றுக்குக் கொண்டுபோனால் உள்ளே இருப்பதெல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும். விரல் அதன்மேல் நின்றது. நிறுத்தாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பச்சை. தை வரைக்கும் பச்சையாக இருக்கட்டுமே, கல்யாணம் முடியட்டுமே, இனிமேல் வருகிற மெசினை மட்டும் சரியாக அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது, சபாபதி சாருக்கே தெரியாது. எதிரில் சிலிண்டர் தண்டை நீட்டிக்கொண்டு, வயிறு நிறையக் காற்றோடு, விடாமல் பிடித்திருந்தது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிடித்துப் பார்த்தாள், முன்பு அறுபது எண்ணும்வரை பிடிப்பாள், கிணற்றில் முங்கி அண்ணன்மாரைத் தோற்கடித்தவள், இப்போது இருபத்தேழில் நெஞ்சு கெஞ்சியது. முப்பதில் விட்டாள். விட்டதோடு விரலையும் அழுத்திவிட்டாள்.

திரை ஒருகணம் இருண்டது. அப்புறம் முப்பத்தொன்று வந்தது, கோடு அதே கோடு, வெட்டு அதே வெட்டு, எண் மட்டும் இரண்டு தொண்ணூற்றொன்று, எழுபத்தாறு, மஞ்சள். மேலே தள்ளினாள். முப்பது பச்சை, இருபத்தொன்பது மஞ்சள், இருபத்தெட்டு மஞ்சள், இருபத்தேழு பச்சை. தள்ளத் தள்ள, சாயங்காலம் தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போடுகிற மாதிரி மஞ்சள் விழுந்துகொண்டே போனது. பதினான்கு பேர். அதில் எத்தனை வீட்டில் கோழி அடித்தார்களோ. சரியாகிப்போன அந்த மெசினுக்குப் புதுக் குழல் மாட்டி, நேராக நின்று, கடைசியாகத் தானும் ஊதினாள். இரண்டு அறுபத்திரண்டு. ரிஜிஸ்டரில் இன்றைய கட்டத்தில் அதை எழுதினாள். எழுதியதும் அந்தப் பக்கம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

படியில் சபாபதி சாரின் செருப்புச் சத்தம். வந்தவர் மேசையில் வரிசையாக இருந்த மெசின்களைப் பார்த்தார், என்ன அம்மிணி கொலுவா என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள், அடித்த பஞ்சையும் விடாமல் சொன்னாள். அவர் நம்பாமல் சிலிண்டரைத் தானே இழுத்துத் தள்ளிப் பார்த்தார், முதல் வாரத்தது, நடு வாரத்தது, போன வாரத்தது. அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, கூட்டி உடுன்னு சொன்னது நாந்தான், என்றார். இங்கிருப்பதைச் சரிசெய்து வைப்போம், போனதைப் பற்றித் திங்கட்கிழமை நிதானமாகப் பேசலாம் என்று தொடங்கினார்.

"மெசின்ல ஒண்ணுமில்லீங்க சார். நாந்தான் கொறஞ்சு போனேன். இன்னும் பன்னெண்டு மெசினு வெளிய நானாட்டவே பேசிட்டிருக்குது. திங்கக்கிழமை வரைக்கும் எத்தன பேரு பச்சைன்னு உள்ள போவாங்க?"

அவர் ரிஜிஸ்டரை வாங்கி இன்றைய கட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், எழுந்து போய் அந்தத் தாளைக் கிழித்து எடுத்தார். ஒட்டியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. பதினொரு மணி வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார், மற்ற மில்களுக்குத் தானே பேசுவதாகச் சொல்லி முதல் நம்பரை அழுத்திக்கொண்டே வெளியே போனார், சென்னியப்பன் மில்லுக்கு அவளே பேசட்டும் என்று கையைக் காட்டினார்.

மில்லில் போனை எடுத்த, ஆள்வருகை குறிக்கிற டைம் ஆபீஸ்காரர் யாரம்மா என்றார். புளோ ரூம் சென்னியப்பன் ஊட்லிருந்துங்க, அவசரமுங்க, என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு அவர் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் மில் மட்டும், யாராலும் நிறுத்தமுடியாத பெரிய ஃபேன் ஒன்று ஓடுகிற மாதிரி, காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குரலுக்கு முன்னால் மூச்சு வந்தது. அவசரமாக ஏறி, நடுவில் ஒரு வெட்டு.

"என்ன மைனா, புள்ளைக்கு ஏதாச்சுமா?"

"புள்ள நல்லா இருக்கறா. நீங்க அன்னைக்கு ஊதுனது எம்பத்துநாலு இல்லீங்க. எழுவத்தாறு."

"மெசின் பொய் சொல்லாதுன்னியே."

"அது சொல்லலீங்க. நாந்தான் சொல்ல வெச்சேன். இனி உள்ள போகாதீங்க. உங்ககூட இன்னும் பதிமூணு பேரு இருக்கறாங்க, நம்பர் சொல்றேன், அவிகளையும் கூட்டியாந்து மில் கேட்டுக்கு வெளிய நில்லுங்க. நான் வர்றேன்."

டைம் ஆபீஸ் கதவை யாரோ சாத்தியிருக்கவேண்டும், மில் சத்தம் சட்டென்று அடங்கியது, அவன் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்று. வெட்டு. இரண்டு. மைனாவதி அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் நின்றுதான் இருந்தது.